கலங்கலுக்கு யார் உத்தரவு போடுவது?

"பெட்டியெல்லாம் எதுக்குங்க? எல்லாத்தையும் மேலே ஏத்திடுங்க." கருவி வாங்கும் கூட்டங்களில் சில ஆண்டுகளாக நான் கேட்டுவரும் வாக்கியம் இது. மேலே என்றால் கிளவுட், மேகக் கணிமை. தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, மின்மீட்டர், கேமரா என்று எதில் சென்சார் பொருத்தினாலும், அளந்ததை அப்படியே தொலைவிலுள்ள தரவு மையத்துக்கு அனுப்ப வேண்டுமாம். முடிவு அங்கே எடுக்கப்பட்டுக் கட்டளையாகத் திரும்பி வருமாம். அந்தத் தெருவிலேயே, அந்த ஆலை வாசலிலேயே ஒரு சிறு கணினியை வைத்து அவசர முடிவை அங்கேயே எடுக்கச் செய்யும் முறையும் ஒன்று உண்டு. அதற்கு மூடுபனிக் கணிமை என்று பெயர். மேகம் வானத்தில் நிற்கும், மூடுபனி தரையோடு தவழும். அதனால் வந்த பெயர். அது 5ஜி வராத காலத்து ஊன்றுகோல், இனி வேண்டாத செலவு என்பதுதான் இன்று அதிகாரிகளும் விற்பனையாளர்களும் ஒருமுகமாகச் சொல்லும் கருத்து.

நான் செவ்வாப்பேட்டையில் குடியிருப்பவன். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் கருவிப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். இந்தக் கருத்து தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது. ஏரியும் உலையும் ரசாயனக் குழாயும் ரயில் தடமும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் அது ஆபத்தான கருத்து.

அவர்கள் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு வைக்கிறேன். தரவு மையம் முன்பு சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருந்தது. இப்போது அம்பத்தூரிலேயே இருக்கிறது. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் செவ்வாப்பேட்டை ரோடு ஒன்பதாவது நிறுத்தம், இருபது கிலோமீட்டர் சொச்சம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். மும்பைக்கே போய்த் திரும்பினாலும் ஒளியின் பயணத்துக்கு ஏறத்தாழ பத்து மில்லி நொடிதான் ஆகும், அம்பத்தூருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. பிறகு தாமதத்தைக் காட்டி மூடுபனிப் பெட்டியை எப்படி விற்பீர்கள் என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. எங்கள் பக்கத்தில் நின்று பேசுபவர்களில் பலர் இன்னும் மில்லி நொடியைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். தானோட்டிக் கார்களுக்கு அந்த வாதம் பொருந்தலாம். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பொருந்தாது. மில்லி நொடி வாதத்தை நான் இங்கேயே விட்டுக்கொடுத்துவிடுகிறேன். நல்ல நாளில் பதில் எவ்வளவு விரைவாக வருகிறது என்பது என் கவலையில்லை. பதில் வராத நாளில் அந்தக் கருவி என்ன செய்யும்?

பதில் வராத நாள் எப்படி இருக்கும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலடி கேபிள் பழுதால் இணைய வேகம் குறைந்திருப்பதாக ஏர்டெல் நிறுவனம் அறிவித்தது. கைபேசி டவருக்கு மின்சாரம் போனால் சில மணி நேரம் பேட்டரி தாங்கும், பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும், டீசல் வரும் சாலையில் மரம் விழுந்து கிடக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இதே சங்கிலி இதே வரிசையில்தான் அறுந்தது. வெள்ளத்தை அளக்கும் கருவிக்கு வேலை இருப்பது அந்த இரவுகளில்தான். ஆண்டில் மற்ற நாள்களில் அது சும்மா நிற்கும் கம்பம். அந்தச் சில இரவுகளில் அது ஊமையாகிவிட்டால், வெயில் காலத்தில் அது காட்டிய வண்ண வரைபடங்களால் யாருக்கு என்ன பயன்?

இந்த வட்டாரம் ஏரிகளின் நாடு. தொண்டை மண்டலத்து ஏரிக்கரையில் நடந்தால் கலங்கல் கண்ணில் படாமல் போகாது. இந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் கரை தாங்காது என்று கணக்கிட்டு, கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கல் தளம் அது. நீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் தானாக வழிந்து, கால்வாயில் இறங்கி, அடுத்த ஏரிக்குப் போய்விடும். நடுநிசியில் கொட்டினாலும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. மதகு வேறு சாதி. அதைத் திறக்க நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர் வர வேண்டும், எந்த வயலுக்கு எவ்வளவு என்று ஊர் பேசி முடிக்க வேண்டும், வறண்ட ஆண்டில் சண்டையும் வரும். கரையைக் காக்கும் முடிவைக் கல்லிலேயே வைத்தார்கள் நம் முன்னோர். பங்கிடும் முடிவை மனிதர்களிடம் விட்டார்கள். இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை. மேகத்தை மட்டும் நம்பும் நகரத்தில் இருப்பவை எல்லாம் மதகுகள். கலங்கல் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. மூடுபனிக் கணிமை என்று நான் கேட்பது அந்தக் கலங்கலைத்தான்.

என் வேலையிடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இன்டக்‌ஷன் ஃபர்னஸில் இரும்பு 1,600 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிக்கொண்டிருக்கும். உலையைச் சுற்றியுள்ள சுருள் (காயில்) செம்புக் குழாய், உள்ளே குளிர்நீர் ஓடும். ஓட்டம் நின்றால் காயில் வெந்து ஓட்டையாகும். தண்ணீரும் உருகிய இரும்பும் சந்தித்தால் வெடிப்புதான், பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. அதனால் தண்ணீர்க் குழாயில் ஒரு ஃப்ளோ சுவிட்ச் இருக்கும். ஓட்டம் குறைந்த கணமே அது உலையின் மின்சாரத்தை வெட்டிவிடும். மேலே ஒரு அவசரத் தொட்டி, மோட்டார் நின்றாலும் நீர் தன் எடையாலேயே இறங்கும். ஓர் ஆலையில் புதிதாக ஒரு 'ஸ்மார்ட்' கண்காணிப்பு வந்தது. ஓட்டம், வெப்பம், அழுத்தம் எல்லாம் கிளவுடுக்குப் போகும், அங்கிருந்து எச்சரிக்கை கைபேசிக்கு வரும். அப்படியானால் பழைய ஃப்ளோ சுவிட்ச் எதற்கு, தேவையில்லாமல் டிரிப் ஆகி உற்பத்தியைக் கெடுக்கிறது, எடுத்துவிடலாமே என்று ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது. நல்லவேளையாக எடுக்கவில்லை. ஒருநாள் சாலையோரம் ஜேசிபி தோண்டியதில் ஃபைபர் அறுந்தது. அன்று மாலையே ஒரு பம்பும் நின்றது. ஃப்ளோ சுவிட்ச் அப்போதே உலையை நிறுத்திவிட்டது. தண்ணீர் நின்றுவிட்டது என்ற எச்சரிக்கை என் கைபேசிக்கு வந்து சேர்ந்தபோது நான் வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டு முடித்திருந்தேன். அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அன்று அந்த உலைக்குப் பக்கத்தில் நின்றவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் எந்த ரோலிங் மில்லுக்குள் நுழைந்தாலும், இயந்திரத்தை நிறுத்தும் முடிவை எடுப்பது அதன் பக்கத்தில் நிற்கும் பேனலும் பிஎல்சி என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினியும்தான். தலைமை அலுவலகத்துக்குப் போவது கணக்கு. எந்த முதலாளியும் தன் உலையின் நிறுத்தப் பொத்தானைத் தொலைவிலுள்ள கணினிக்கு எழுதிக் கொடுக்க மாட்டார். தன் சொத்துக்கு ஒருவர் செய்யாததை ஊர் மக்களின் உயிருக்கு மட்டும் ஏன் செய்யச் சொல்கிறோம்?

இதைவிடத் தெளிவான சான்று எங்கள் ஊர் நடைமேடையிலேயே இருக்கிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறந்த தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தடம் செவ்வாப்பேட்டை வழியாகத்தான் போகிறது. இன்று அதே தடத்தில் மின்சார ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஒரு வண்டி கடந்ததும் அதன் முதுகுக்குப் பின்னால் சிக்னல் சிவப்பாகிறது. அதை யாரும் சென்னையிலிருந்து மாற்றுவதில்லை. தண்டவாளத்தில் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்ததும் ரிலேவுக்கு மின்சாரம் போகாது, ரிலே விழும், விளக்கு சிவப்பாகும். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. அதன் அழகே அது பழுதாகும் விதத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனாலும் ரிலே விழும், கம்பி அறுந்தாலும் விழும், தண்டவாளம் உடைந்தாலும் பெரும்பாலும் விழும். எது கெட்டாலும் சிவப்பு. நவீனமாகி, சில இடங்களில் தண்டவாளச் சுற்றுக்குப் பதில் அச்சு எண்ணும் கருவி வந்தபோதும் இந்த விதி மாறவில்லை.

அப்படியானால் ரயில்வேயில் மையம் இல்லையா? இருக்கிறது. கோட்டக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் முழுத் தடத்தையும் பார்க்கிறார். எந்த விரைவு வண்டிக்கு வழிவிட வேண்டும், எந்தச் சரக்கு வண்டியை ஓரம் கட்ட வேண்டும் என்று அவர்தான் தீர்மானிக்கிறார். ஆனால் ஏற்கெனவே வண்டி நிற்கும் தடத்துக்கு இன்னொரு வண்டியை விடச் சொன்னால் நிலையத்தின் இன்டர்லாக்கிங் மறுத்துவிடும். எவ்வளவு பெரிய அதிகாரி சொன்னாலும் மறுக்கும். மையம் திட்டமிடலாம், விபத்துக்கு உத்தரவிட முடியாது. ரயில் மோதலைத் தடுக்க இப்போது பரவலாகும் கவச் அமைப்பிலும் இதே நியாயம்தான். தண்டவாளத்தில் பதித்த அடையாள வில்லையையும் நிலையத்திலிருந்து வரும் வானொலிச் செய்தியையும் படித்துவிட்டு, எஞ்சினுக்குள் இருக்கும் கணினியே பிரேக் போடுகிறது. உச்சபட்சப் பாதுகாப்புச் சான்று பெற்ற அமைப்பே முடிவை வண்டிக்குள் வைத்திருக்கும்போது, தெருமுனைக் கருவிக்கு மட்டும் அறிவு வானத்தில் இருக்கட்டும் என்பது என்ன நியாயம்?

இங்கே எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் வருகிறது. அதை நான் தவிர்க்க விரும்பவில்லை. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதி 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பஹானகா பஜார் நிலையத்தருகே சிக்னல் சுற்றுக்குக் கம்பி மாற்றியதில் நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. தடத்தோரத்துப் பெட்டி ஒன்றில் பிழை, அதை மேலே யாரும் கண்டுபிடிக்கவில்லை. நம் பக்கத்திலேயே, 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் பிரதான தடத்துக்கு சிக்னல் பெற்று லூப் தடத்துக்குள் புகுந்து சரக்கு வண்டியில் மோதியது. விசாரணை நாசவேலையின் பக்கம் திரும்பியது. இடத்தில் வைத்த அறிவும் ஏமாறும், கெடும், யாராவது கைவைத்தால் குலையும்.

இவை உண்மை. ஆனால் பாலசோருக்குப் பிறகு ரயில்வே என்ன செய்தது? இனி எல்லா இன்டர்லாக்கிங்கையும் டெல்லியில் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்யவில்லை. நிலையத்துப் பெட்டிகளையும் அறைகளையும் பூட்டச் சொன்னது, சுற்றுகளைச் சரிபார்க்கச் சொன்னது, வேலை முடிந்தபின் சோதனை நடத்தாமல் தடத்தைத் திறக்கக் கூடாது என்ற ஒழுங்கை இறுக்கியது. இடத்தில் இருக்கும் பெட்டிக்குப் பூட்டும் பதிவேடும் சோதனையும் வேண்டும் என்பதே நான் படிக்கும் பாடம். பெட்டியே வேண்டாம் என்பது அந்த விபத்திலிருந்து எடுக்கக் கூடாத பாடம்.

அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தால் பிழையும் அங்கே குவியும். 2020 ஆகஸ்ட் 12 கிருஷ்ண ஜெயந்தி. உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது. மையக் கணினி அமைப்பிலிருந்து போன தவறான துண்டிப்புக் கட்டளையே காரணம். மீட்டர்களில் எதுவும் கெட்டுப்போகவில்லை, அத்தனையும் சொன்னதைச் செய்தன. தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், மீட்டர்களின் கணக்கைத் திரட்டும் பெட்டிக்குள் ஒரே ஒரு விதி எழுதியிருந்தால் போதும். "என் தெருவின் எல்லா வீட்டையும் ஒரே நேரத்தில் துண்டிக்கச் சொல்கிறார்கள், பில் பாக்கி அப்படி ஒரே நொடியில் வராது, உறுதி செய்யும்வரை நான் செய்ய மாட்டேன்." இந்த மறுக்கும் உரிமையைத்தான் நாம் கருவிகளிடமிருந்து பறித்திருக்கிறோம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது. அந்த விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

உலகில் மிக நன்றாக நடத்தப்படும் மேகமும் விழும். 2025 அக்டோபர் 20, நமக்குத் தீபாவளி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசான் கிளவுடின் பெயர்த் தேடல் அமைப்பில் வந்த பழுதால் உலகெங்கும் செயலிகள் முடங்கின. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் இணையப் படுக்கைகள்கூடச் சொன்னபடி கேட்காமல் உறைந்து நின்றன. பழுது சரியாகிவிடும். மூடிய கடை திறக்காது. தொலைதூரக் கருவிகளை இணைப்பதற்கென்றே கூகுள் நடத்திய கிளவுட் சேவை 2023 ஆகஸ்ட் 16 அன்று நிறுத்தப்பட்டது. அதை நம்பியவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. நம் நாட்டில் 2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. நூறு நகரங்களிலும் கட்டளை மையங்கள் எழுந்துள்ளன, தமிழ்நாட்டின் பதினொரு நகரங்களும் அதில் உண்டு. இனி மாதந்தோறும் வரும் கிளவுட் வாடகையையும் சிம் கார்டுக் கட்டணத்தையும் யார் கட்டுவது? மாநகராட்சிகளே திணறும். பதினொன்றில் இடமில்லாத திருவள்ளூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள் என்ன செய்யும்? கட்டணம் நின்ற மாதமே கண்மூடும் கருவியை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். ஊருக்குள்ளேயே முடிவெடுக்கும் கருவி, கட்டணம் நின்றாலும் தன் வேலையைச் செய்யும். மேலே அறிக்கை போகாது, அவ்வளவுதான்.

எண்ணூரைப் பற்றிப் பேசாமல் இந்த வாதம் முழுமையடையாது. 2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குச் சற்று முன். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடினார்கள், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களுக்கு முதலில் செய்தி சொன்ன கருவி அவர்களுடைய மூக்கு.

கருவிகள் இல்லாத நாடா இது? அதிக மாசு உண்டாக்கும் 17 வகை ஆலைகள் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியிலேயே ஆணையிட்டது. ஆலைகளின் கணக்கு கிண்டியிலுள்ள மாநில வாரியத்தின் மையத்துக்குப் போகிறது. கும்மிடிப்பூண்டி ஆண்டனி பிள்ளை நகரில் காற்றை அளக்கும் நிலையம் உண்டு, அதன் எண்களைக் கைபேசியில் யாரும் பார்க்கலாம். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஆலைக்கு நோட்டீஸ் கொடுக்கவும், வழக்கு நடத்தவும், பத்தாண்டுப் போக்கைப் படிக்கவும் இது வேண்டும். ஆனால் இது மதகு. சராசரி எடுத்து, சர்வருக்கு அனுப்பி, வரம்பு மீறினால் அதிகாரிக்குக் குறுஞ்செய்தி தருவதற்குக் கட்டியது. நச்சுக்காற்று சராசரிக்குக் காத்திருக்காது. காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு அமோனியா இருந்தாலே உடனடி உயிராபத்து என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வகத்தின் கணக்கு. ஆலை மதிலுக்கும் குப்பத்துக்கும் நடுவே நிற்க வேண்டியது ஓர் உணரி, ஒரு பேட்டரி, ஒரு சங்கு. அளவு தாண்டினால் சங்கு ஊத வேண்டும். கிண்டிக்குச் செய்தி அதன்பிறகு போகட்டும். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதும் அந்தப் பெட்டிக்குத் தெரிந்தால், எந்தத் தெரு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றும் அதனால் சொல்ல முடியும். இதற்குச் செயற்கை நுண்ணறிவும் வேண்டாம், 5ஜியும் வேண்டாம்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட். நூறு கேமராவுக்கு இரண்டு டெராபைட்டைத் தாண்டும். அதில் பெரும்பகுதி வெறும் சாலை. வண்டிகளை எண்ணும் வேலையைத் தெருமுனைப் பெட்டியே செய்து எண்ணிக்கையை மட்டும் அனுப்பினால் சில கிலோபைட்டில் முடியும். வேலைக்குப் போகும் பெண்ணின் முகம் ஊர் தாண்டிப் போகவும் வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்த நாட்டில் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சிதறிக் கிடக்கும் பெட்டிகள் திருடனுக்குத் திறந்த கதவுகள் என்கிறார்கள். உதாரணத்துக்கு மிராயைக் காட்டுகிறார்கள். 2016இல் அந்தத் தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றி, அக்டோபர் 21 அன்று ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்களை முடக்கியது. ஆனால் அந்தக் கேமராக்கள் எப்படிப் பிடிபட்டன? தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு, முன்னால் காவல் எதுவும் இல்லாமல், நேரடியாக இணையத்தைப் பார்த்து நின்றதால் பிடிபட்டன. அவற்றுக்கு முன்னால் ஒரு கேட்வே பெட்டி நின்றிருந்தால் வெளியாள் கேமராவைத் தொட்டிருக்கவே முடியாது. பெட்டிக்கும் பாதுகாப்புத் திருத்தம் போட வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். மையமே காப்பாற்றும் என்று இருந்தாலும் 2024 ஜூலை 19 நினைவிருக்க வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு 85 லட்சம் கணினிகளைச் சாய்த்தது. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

பெட்டிகள் வெயிலில் வேகும், திருடு போகும், பராமரிக்க ஆளில்லை என்கிறார்கள். திருவள்ளூர் வெயிலில் ஆலைக்குள் பிஎல்சி பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆளில்லை என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியாது. இந்த வட்டாரத்தில் ஐடிஐ படித்து, ஆலைகளில் பேனல் வயரிங் செய்து கைதேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! ஊருக்குள் பெட்டி இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஊருக்குள் இருக்கும். எல்லாம் மேலே போனால் வேலையும் மேலே போய்விடும்.

மூடுபனி என்பதே ரௌட்டர் விற்கும் நிறுவனம் சூட்டிய பெயர்தானே என்றும் கேட்கிறார்கள். ஆமாம், 2012இல் சிஸ்கோவின் பிளேவியோ போனோமியும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை அந்தச் சொல்லைப் பரப்பியது. 2015இல் ஓபன்ஃபாக் என்ற கூட்டமைப்பு வந்தது, அதன் வரைவு 2018இல் ஐட்ரிபிள்இ தரமானது, 2019இல் கூட்டமைப்பே வேறொன்றில் கரைந்தது. பெயர் தேய்ந்தது என்பதால் யோசனை செத்துவிடவில்லை. சிஸ்கோவுக்கு மூன்றாண்டு முன்பே, சென்னை ஐஐடியில் படித்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போன மகாதேவ் சத்யநாராயணன், கணிப்புத் திறன் பயனாளருக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்று 'கிளவுட்லெட்' பற்றி எழுதினார். அதற்கும் நூறாண்டுக்கு மேல் முன்னால் ராபின்சனின் ரிலே. அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் கலங்கல்.

மையம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கொசஸ்தலையாற்றின் மேல் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. 1944இல் கட்டியது, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அதன் ஷட்டரை எப்போது எவ்வளவு உயர்த்துவது என்பதை ஷட்டருக்குப் பக்கத்துப் பெட்டியிடம் விட முடியாது. மேலே ஆந்திரத்தில் பெய்யும் மழையையும், கீழே எண்ணூர் முகத்துவாரத்துக் கடல் மட்டத்தையும், இடையிலுள்ள ஊர்களையும் ஒருசேரப் பார்ப்பவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தது பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. அத்தகைய முடிவுக்கு அகலமான பார்வையும் பெரிய கணினியும் பொறுப்பேற்கும் அதிகாரியும் வேண்டும். ஆனால் அதே நீர்த்தேக்கத்துக்குக் கீழே, கரையோர ஊரின் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது, வண்டியை நிறுத்து என்று சொல்ல எந்த மையமும் வேண்டாம்.

அந்தத் தரைப்பாலமும் ரயில்வே சுரங்கப்பாதையும்தான் என் மனத்தை அரிக்கின்றன. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே, மழைநீர் தேங்கிய ரயில்வே சுரங்கப்பாதைக்குள் காரோடு சிக்கி ஒருவர் உயிரிழந்தார். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஒரு மிதவைச் சுவிட்ச் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் மோட்டார் நிற்கும். அதே மிதவையைச் சுரங்கப்பாதையின் பள்ளத்தில் வைத்து, ஒரு முழம் ஏறியதும் இருபுறமும் சிவப்பு விளக்கு எரிந்து தடுப்புக் கட்டை இறங்கும்படி செய்ய இந்த நாட்டுக்குத் தெரியாதா? இப்போது விற்பனைக்கு வரும் ஏற்பாடு வேறு. சென்சார் அளக்கிறது, சிம் கார்டு வழியே கிளவுடுக்கு அனுப்புகிறது, கட்டளை மையத்துத் திரையில் ஒரு புள்ளி சிவக்கிறது, அங்கிருப்பவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்கிறார். மழையிரவில் இந்தக் கண்ணிகளில் எது அறுந்தாலும் பள்ளத்துக்குள் இறங்கும் வண்டிக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

மாவட்ட நிர்வாகத்திடமும் ரயில்வேயிடமும் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், இத்தகைய கருவி பொருத்திய ஒவ்வோர் இடத்திலும் ஊர்க்காரர்கள் முன்னிலையில் ஒரு சோதனை வையுங்கள். சிம் கார்டைக் கழற்றுங்கள். மின்சார ஃபியூஸைப் பிடுங்குங்கள். பிறகு பள்ளத்தில் தண்ணீரை ஊற்றி மிதவையை எழுப்புங்கள். சிவப்பு விளக்கு எரிய வேண்டும், கட்டை இறங்க வேண்டும். ஃபியூஸை மாட்டி சிம்மைப் போட்டதும், நடந்தது எல்லாம் நேரத்தோடு மையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கால்மணி நேர வேலை. இதைச் செய்து காட்டாத ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணையை விடுவிக்காதீர்கள்.